நூல் மறைந்த துளைகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் தைத்துக் கொடுத்த ஒரு ஜோடிக் காலணி, சென்ற மாதம் பழுதுபார்ப்பதற்காக என் வேலை மேசைக்குத் திரும்பி வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியக் காலாட்படை வீரன் அணிந்த, இலத்தீனில் 'காலிகா' எனப்பட்ட, விரல்கள் வெளியே தெரியும்படி வார் வாராக வெட்டப்பட்டு அடியில் இரும்பு ஆணிகள் அறையப்பட்ட கனத்த காலணியின் நகல் அது. அதை அணிபவர், ரோமானியப் படைவாழ்வை மக்கள்முன் நிகழ்த்திக் காட்டும் குழு ஒன்றின் உறுப்பினர். கோடைக்கால வார இறுதிகளில் பழைய கோட்டைகளிலும் அருங்காட்சியக முற்றங்களிலும் முழுக் கவசத்துடன் அணிவகுத்து நடப்பவர். இடது காலணியைத் திருப்பிப் பார்த்தேன். நான் அறைந்திருந்த 84 ஆணிகளில் 23 காணவில்லை. பெருவிரலின் அடியிலும் குதிகாலின் வெளி விளிம்பிலும்தான் இழப்பு மிகுதி. பாதத்தின் உள்வளைவில் ஒன்றுகூட விழவில்லை. தேய்ந்துபோன பொருள் என்று வேறொருவர் அதை ஒதுக்கியிருக்கக்கூடும். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் நான் பல ஆண்டுகளாகக் குனிந்து பார்த்துவரும் ரோமானியக் காலணி அடிகளிலும் இப்படித் தேய்ந்த விளிம்புகளைக் கண்டிருக்கிறேன்.

நான் பகலில் வேறு தொழில் செய்பவன். வட இங்கிலாந்தில், ரோமானியர் தம் எல்லையில் எழுப்பிய ஹேட்ரியன் சுவருக்கு அருகே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் ரோமானியத் தோல்பொருள்களைக் கையால் நகல் செய்து, அவற்றை உண்மையாகவே அணிந்து பயன்படுத்தும் குழுக்களுக்குக் கொடுத்து வருகிறேன். காலணிகள், கேடய உறைகள், பணப்பைகள், கவசத்தின் உள்வார்கள், ஒருமுறை கூடாரத்தின் ஒரு பக்கம் என்று செய்தவை பலவகை. இந்த வேலைக்குள் என்னை இழுத்தது விண்டோலாண்டா.

விண்டோலாண்டா, ஹேட்ரியன் சுவருக்கு ஒரு மைல் தெற்கே உள்ள ஒரு ரோமானியக் கோட்டை. சுவரைக் கட்டத் தொடங்கியது கி.பி. 122இல், விண்டோலாண்டாவின் முதல் மரக்கோட்டை அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் முந்தையது. ஒரு படைப்பிரிவு வெளியேறியதும் அடுத்து வந்த பிரிவு பழைய மரக்கட்டடங்களை இடித்துத் தள்ளி, அதன்மேல் களிமண்ணையும் புல்தரைக் கட்டிகளையும் பரப்பி, புதிய கோட்டையை எழுப்பியது. இவ்வாறு அடுக்கடுக்காக மூடப்பட்ட ஈரமண்ணுக்குள் காற்று புகவில்லை; காற்றில்லாததால் தோலையும் மரத்தையும் தின்னும் நுண்ணுயிர்கள் வாழவில்லை. வேறெங்கும் சில ஆண்டுகளில் மக்கிப்போகும் பொருள்கள் அங்கே ஈராயிரம் ஆண்டுகளாகக் கிடந்தன. மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் 1973இல் கிடைத்தபோது உலகம் அவற்றையே பேசியது. அதே மண் 5000க்கும் மேற்பட்ட காலணிகளையும் கொடுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அகழாய்வில் மட்டும், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட கோட்டையின் அகழியிலிருந்து 421 காலணிகள் வெளிவந்தன. அவற்றுள் கைக்குழந்தைகளின் காலணிகளும் உண்டு.

விண்டோலாண்டா அருங்காட்சியகத்தில் முதன்முறை நின்றபோது, எல்லோரையும் போல நானும் காலணியின் வடிவத்தைத்தான் பார்த்தேன். இரண்டாம் முறை சென்றபோதுதான் துளைகள் கண்ணில் பட்டன. ரோமானியர் பெரும்பாலும் ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலால் தைத்தனர். ஈரமண்ணில் தோல் நிலைத்தது; ஆளி நார் கரைந்துபோனது. எனவே எஞ்சியிருப்பது நூலில்லாத தையல். விளிம்பு நெடுக வரிசையாகச் சின்னஞ்சிறு துளைகள் மட்டும் இருக்கின்றன. குத்தூசி எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது, எவ்வளவு சாய்ந்து நுழைந்தது, தோலை முழுவதும் ஊடுருவியதா அல்லது பாதித் தடிப்பில் திரும்பி விளிம்பில் வெளிவந்ததா, நூலை இறுக்கியபோது துளை எத்திசையில் இழுபட்டது என்பனவெல்லாம் அந்தத் துளைகளிலேயே பதிந்திருக்கின்றன. ஒரு நகலைச் செய்பவனுக்கு இதைவிடத் தெளிவான ஏடு கிடையாது. தொலைவிலிருந்து பார்க்கும்போது ரோமானியக் காலணிபோலத் தோன்றும் பொருளைச் செய்வது கடினமன்று; பழைய துளைகள் இருந்த இடத்தில் துளையிட்டு, அவை காட்டும் வழியில் நூலை ஓட்டி, அப்போது தோல் எப்படி வளைகிறதோ அப்படி வளையவிடுவதுதான் கடினம். நான் செய்ய விரும்புவது இந்த இரண்டாவதை மட்டுமே.

எந்தத் தோல் என்பதிலேயே பாதி வேலை அடங்கிவிடுகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்பட்டது. அந்த முறை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ரோமானியர் மரப்பட்டையை நீரில் ஊறவைத்து, அதன் சாற்றில் தோலை மாதக்கணக்கில் கிடத்திப் பதனிட்டனர். ரோமானியப் படைகள் வருவதற்கு முன் வடமேற்கு ஐரோப்பாவில் புகையாலும் கொழுப்பாலும்தான் தோலைக் காத்தனர் என்பதும், பட்டைப் பதனீட்டைப் பெருமளவில் அங்கே கொண்டுவந்தது படையே என்பதும் ஆய்வாளர் காரல் வான் டிரில்-மரே விரிவாக எடுத்துக்காட்டியிருக்கும் கருத்து. ஈரமண்ணில் எஞ்சுவதும் பட்டையில் பதனிட்ட தோல்தான்; எண்ணெயிலோ படிகாரத்திலோ பதப்படுத்தியவை கரைந்துவிடும். ஆகவே நமக்குக் கிடைத்திருக்கும் சான்றே ஒருவகையில் வடிகட்டப்பட்டது என்பதை நகல் செய்பவர்கள் மறக்கக்கூடாது.

என் முதல் ஜோடிக் காலணியை மலிவாகக் கிடைத்தது என்பதற்காகக் குரோம் தோலில் செய்தேன். வெட்டும்போது மென்மையாக இருந்தது, அழகாகவும் இருந்தது. சுவரையொட்டி ஒரு நாள் மழையில் நடந்தபோது வார்கள் நனைந்து ரப்பர்போல நீண்டன. குதிகாலைப் பிடிக்கவேண்டிய பகுதி தளர்ந்து, ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னால் வழுக்கியது. பட்டையில் பதனிட்ட தோல் அப்படிச் செய்வதில்லை. நனையும்போது இளகிக் காலின் வடிவத்தை ஏற்கும். காயும்போது அதே வடிவத்தில் இறுகும். இப்போது நான் செய்யும் ஒவ்வொரு காலணியையும், உரியவர் நனைத்து அணிந்துகொண்டு, அது காலிலேயே காயும்வரை நடக்கவேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். அந்த முதல் ஜோடியை எவருக்கும் கொடுக்கவில்லை.

அடித்தோலுக்கு ஓக் மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலையே தேடுகிறேன். டெவன் மாவட்டத்தின் கொலிட்டன் என்னும் ஊரில் பேக்கர் குடும்பத்தாரின் பட்டறை, ஓக் பட்டைக் குழிகளில் ஓராண்டுக்கும் மேலாகத் தோலை ஊறவைக்கும் பழைய முறையை இன்றும் கைவிடவில்லை. அத்தோல் விலை கூடியது. ஆனால் கத்தி அதில் இறங்கும்போது எழும் ஓசையும், வெட்டுவாயில் தெரியும் நெருக்கமான இழையும் வேறு எதிலும் கிடைப்பதில்லை. மெல்லிய வேலைகளுக்கான ஆட்டுத்தோலை நான் திண்டுக்கல்லிலிருந்து வரவழைக்கிறேன். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் முடித்து, கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் ஏற்றுமதியான சரக்கின் வழிவந்தது அது. ஆவாரம் பட்டையை ரோமானியர் அறிந்திருக்கவில்லை என்பதைப் பொருளுடன் இணைக்கும் குறிப்பில் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஆயினும் பட்டைப் பதனீட்டின் நடத்தை, நீரை ஏற்பதிலும் காய்ந்து இறுகுவதிலும், ஓக்கில் பதனிட்டதற்கு மிக நெருக்கமானது. என் தந்தை வாணியம்பாடியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வந்த தோல்கட்டைப் பிரித்ததும் எழும் அந்தப் பட்டை வாசம் அவருடைய சட்டையில் இருந்த வாசம். நான் வாழும் நார்தம்பர்லாந்தின் குளிரில் அந்தக் கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் கத்தியை எடுக்காமல் அமர்ந்திருப்பேன்.

காலிகா செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விண்டோலாண்டாவில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை மூடிய காலணிகள்; முதல் நூற்றாண்டின் முடிவில் திறந்த காலிகா வழக்கொழிந்துகொண்டிருந்தது. எனவே அதற்கு ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும், சுவிட்சர்லாந்தின் விண்டோனிசா குப்பைமேட்டிலும் கிடைத்தவற்றின் வரைபடங்களை நம்பியிருக்கிறேன். மேல்பகுதி முழுவதும் ஒரே தோல்துண்டு. அதைத் தரையில் விரித்துப் பார்த்தால் பனையோலையைக் கிழித்து விரித்ததுபோல இருபுறமும் வார்கள் நீண்டிருக்கும். குதிகாலின் பின்புறம் ஒரே ஒரு தையல். அதுவும் இரு விளிம்புகளையும் ஒட்டவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தைத்தது, ஏனெனில் அங்கே சிறு மேடு இருந்தாலும் குதிகால் புண்ணாகிவிடும். பாதத்தின்கீழ் மூன்று அடுக்குகள்: காலைத் தொடும் உள்தோல், மடங்கி உள்ளே வந்த மேல்பகுதியின் விளிம்புகள், தரையைத் தொடும் அடித்தோல். இம்மூன்றையும் பிணைப்பவை முதன்மையாக ஆணிகளே.

ஆணி அறைவதில்தான் எனக்கு நீண்டநாள் பிடித்தது. கூம்புத்தலை கொண்ட அந்தக் குட்டை ஆணியைத் தோலில் நேராக இறக்கினால் போதாது. மறுபுறம் வெளிவரும் முனை இரும்பு அச்சில் மோதிக் கொக்கிபோல வளைந்து மீண்டும் தோலுக்குள் திரும்பவேண்டும். அகழாய்வில் கிடைத்த ஆணிகளின் முனைகள் அவ்வாறே வளைந்திருக்கின்றன. வளைவு சரியாக அமையாவிட்டால் ஆணி ஒரு மாதத்தில் உதிரும். சற்றே நிமிர்ந்து நின்றால் அணிபவரின் காலைக் கிழிக்கும். அடியின் விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும் அறையப்பட்ட பல வகை அமைப்புகளைப் பழைய அடிகளில் காணலாம். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அப்படியே பின்பற்றுகிறேன். நானாக ஓர் அழகிய கோலத்தை வரைவதில்லை.

ஆணிகளின் விலையும் எண்ணிக்கையும் கோட்டைக் கணக்கிலேயே இருந்தன. விண்டோலாண்டாவின் கணக்கேடு ஒன்றில், மது, உப்பு, இறைச்சி ஆகியவற்றுக்கு நடுவே, காலணி ஆணிகள் 100 என்றொரு பதிவு வருகிறது. கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணையில், படைவீரரின் காலணிக்கு உச்சவிலை 100 தினாரியஸ் என்று விதித்துவிட்டு, 'ஆணி நீங்கலாக' என்றும் சேர்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களை முதன்முறை படித்தபோது நான் உரக்கச் சிரித்தேன். ஆணியை அறைந்து பார்த்தவனுக்குத்தான் அது ஏன் தனிக்கணக்கு என்று புரியும்.

ஆணி அறைந்த காலணி புல்லிலும் சேற்றிலும் அருமையாகப் பிடிக்கிறது. ஏறுமுகமான மண்பாதையில் இக்கால மலையேற்றக் காலணிக்குச் சற்றும் இளைத்ததன்று. வழவழப்பான கல்தளத்தில் நிலைமை தலைகீழ். கி.பி. 70இல் எருசலேம் முற்றுகையின்போது, பித்தினியா நாட்டைச் சேர்ந்த ஜூலியானஸ் என்னும் நூற்றுவர் தலைவன் தனியொருவனாகப் பகைவரைத் துரத்திக்கொண்டு கோயில் முற்றத்தின் கல்தளத்தில் ஓடியபோது, நெருக்கமாக ஆணியறைந்த காலணி வழுக்கி, கவசம் ஒலிக்க வீழ்ந்து, சூழ்ந்துகொண்டவர்களால் கொல்லப்பட்டதை அக்கால வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் அணிவகுப்புக்கு முன் இதைச் சொல்கிறோம். சொல்லியும், அருங்காட்சியகத்தின் பளிங்குப் படிகளில் ஒருவர் சறுக்கி மணிக்கட்டு பிசகியதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது கட்டடத்துக்குள் நிகழ்ச்சி என்றால் ஆணியில்லாத ஒரு ஜோடியை உடன் கொண்டுபோகும்படி வற்புறுத்துகிறேன்.

இந்தக் குளிர்நாட்டில் விரல் தெரியும் காலணியை எப்படி அணிந்தார்கள் என்று பார்வையாளர்கள் கேட்கிறார்கள். காலுறையோடுதான். விண்டோலாண்டாவுக்கு வந்த ஒரு கடிதத்தின் எஞ்சிய துண்டில், காலுறைகளும் இரண்டு ஜோடிச் செருப்புகளும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக யாரோ யாருக்கோ எழுதியிருக்கிறார். எழுதியவர் பெயர் அழிந்துவிட்டது. ஊரிலிருந்து பொட்டலம் கட்டி அனுப்பும் எந்தத் தாயின் கையெழுத்தாகவும் அதை நினைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய நகல்கள் வேடிக்கைக்காக மட்டும் செய்யப்படுபவை அல்ல என்பதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1985இல் ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் மார்குஸ் யுங்கெல்மன், பேரரசர் அகஸ்டஸ் காலப் படைவீரரின் முழுச் சுமையோடும் காலிகாவோடும் ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு, வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தார். இங்கிலாந்தில் 1972இல் தொடங்கப்பட்ட எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு குழுவும் நகல் பொருள்களை அணிந்து பயன்படுத்திப் பார்ப்பதையே தன் பணியாகக் கொண்டது. வரைபடத்தில் விளங்காத பல செய்திகள் நடந்து பார்த்தபோது விளங்கின. வார்களை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பது எனக்கும் பத்தாவது மைலில்தான் தெரியவந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான வேலை எது என்று கேட்டால், காலணியை விட்டுவிட்டுக் கூடாரத்தைச் சொல்வேன். ரோமானியப் படை துணிக்கூடாரத்தில் தங்கவில்லை. 'தோல்களுக்கு அடியில்' இருப்பது என்ற தொடரே இலத்தீனில் படையெடுப்பில் இருப்பதைக் குறித்தது. எட்டு வீரர்களுக்கு ஒரு கூடாரம். தரையளவு பக்கத்துக்குப் பத்து ரோமானிய அடி. செய்யப்பட்டது பெரும்பாலும் ஆட்டுத்தோலால். முழுக் கூடாரமாக எதுவும் கிடைக்கவில்லை. கிழிந்த கூடாரத்தைப் படையினர் வெட்டி வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தை எறிந்தார்கள். அந்த மிச்சங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் உள்ள தையல் வகையை அடையாளம் கண்டு, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர்ந்திருக்கவேண்டும் என்று வான் டிரில்-மரே கூடாரத்தின் வடிவத்தை மீட்டெடுத்தார். துளைகளைப் படிப்பதன் உச்சம் என்று இதைத்தான் கருதுகிறேன்.

நான் தைத்தது ஒரு பக்கச் சுவர் மட்டும். இரண்டு தோல்களின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து முதல் தையல் போடவேண்டும். பிறகு மடிப்பை ஒருபுறமாகப் படியவைத்து இரண்டாவது தையல். இந்த இரண்டாவதில் குத்தூசி தோலின் சதைப்புறத்தில் நுழைந்து, தடிப்புக்குள்ளேயே சிறிது தூரம் சென்று, அதே சதைப்புறத்தில் வெளிவரும். மழை படும் மயிர்ப்புறத்தை எட்டவே எட்டாது. ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிப்புள்ள ஆட்டுத்தோலின் நடுவில் ஊசியைச் செலுத்தி, மறுபுறத்தைத் தொடாமல் திருப்புவதைக் கற்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. இடது கைச் சுட்டுவிரலை மயிர்ப்புறத்தில் வைத்துக்கொண்டு, ஊசி முனையின் மேடு விரலில் தட்டுப்படும் கணத்தில் நிறுத்தவேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. தைத்து முடித்ததும் அந்தச் சுவரை முற்றத்தில் சாய்வாகக் கட்டி, இரண்டு நாள் மழையில் விட்டேன். ஓரிடத்தில் மட்டும் கசிந்தது. தேடிப் பார்த்தபோது, ஆர்வக்கோளாறால் ஊசி மயிர்ப்புறம்வரை போய்விட்ட ஒரே துளை அது.

ஒரு கூடாரத்துக்கே பல ஆடுகளின் தோல் வேண்டும் என்றால் படை முழுவதற்கும் எவ்வளவு தோல் வேண்டியிருந்திருக்கும்! ரைன் ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த பிரீசியர்கள்மீது ரோமானியத் தளபதி ட்ரூசஸ் விதித்த வரி நாணயமாக அன்று, படைத்தேவைக்கான மாட்டுத்தோலாக இருந்தது. பிறகு அதிகாரியாக வந்த ஒலெனியஸ், வீட்டு மாட்டின் தோல் போதாது, காட்டெருதின் தோல் அளவுக்கு இருக்கவேண்டும் என்று அளவை உயர்த்தினான். மாடுகளையும் நிலங்களையும் இழந்து, கடைசியில் மனைவி மக்களையும் அடிமையாகக் கொடுக்கும் நிலை வந்தபோது, கி.பி. 28இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவுசெய்திருக்கிறார். பார்வையாளர்கள் கேடய உறையைத் தடவிப் பார்த்து வியக்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்கிறேன். சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விண்டோலாண்டாவின் கடிதங்களிலும் தோல் வருகிறது. ஆக்டேவியஸ் என்பவர், கட்டரக்டோனியத்தில், அதாவது இன்றைய கேட்டரிக்கில், இருக்கும் தோல்களைத் தமக்குக் கொடுக்கும்படி எழுதச் சொல்லிவிட்டு, சாலைகள் மோசமாக இருக்கும்போது வண்டி இழுக்கும் விலங்குகளை வருத்த விரும்பாததால்தான் இன்னும் போய் எடுத்து வரவில்லை என்கிறார்.

தோல் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வரவேண்டிய ஒரு காட்சி முல்லைப்பாட்டில் இருக்கிறது. அரசனின் பாசறையில் காவல் நிற்கும் யவனர், இறுகக் கட்டிய உடையும் சட்டையும் அணிந்து, மத்திகை சுற்றியவர்களாக வருகிறார்கள். மத்திகை என்பது குதிரைச் சவுக்கு. கிரேக்க மொழியில் சவுக்கைக் குறிக்கும் மாஸ்டிக்ஸ் என்ற சொல்லே தமிழுக்கு வந்து அவ்வாறு ஆனது என்பர். மேற்கிலிருந்து வந்த ஒருவனின் இடுப்பில் தொங்கிய தோல்பொருளின் பெயர் நம் மொழியில் தங்கிவிட்டிருக்கிறது. சவுக்கு ஒன்று செய்யவேண்டும் என்ற ஆசை எனக்கு அதனால்தான். நம்பத்தக்க மாதிரி கிடைக்கும்வரை தொடங்கமாட்டேன்.

கவசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரைப்படங்களால் எல்லோரும் அறிந்த, பட்டை பட்டையாக அடுக்கிய மார்புக் கவசம் தோலால் ஆனது என்று ஒருகாலத்தில் சிலர் எண்ணியதுண்டு. 1964இல், ஹேட்ரியன் சுவருக்கு அருகே உள்ள கார்பிரிட்ஜில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே துருப்பிடித்த இரும்புப் பட்டைகள், அவற்றின் உட்புறத்தில் தோல்வார்கள் ஓடிய தடம். கவச ஆய்வாளர் எச். ரசல் ராபின்சன் அந்தத் தடங்களை வைத்து, பட்டைகள் வெளியே இரும்பாகவும் உள்ளே தோலாகவும் பிணைக்கப்பட்ட முறையை மீட்டுக் காட்டினார். கவசத்தின் அசைவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்த வார்களில்தான் இருக்கிறது. எனவே அவற்றுக்கு நான் எப்போதும் முதுகுப்பகுதித் தோலையே வெட்டுகிறேன். வயிற்றுப்பகுதித் தோல் நீண்டுவிட்டால் பட்டைகள் தொங்கிப்போகும்.

நான் செய்ய மறுப்பவையும் உண்டு. முன்கையை மூடும் தோற்பட்டை வேண்டும் என்று ஆண்டுதோறும் சிலர் கேட்கிறார்கள். படங்களில் பார்த்திருக்கிறார்கள், அது அழகாகவும் இருக்கிறது. ரோமானியக் காலாட்படை வீரன் அப்படி ஒன்றை அணிந்ததற்கான தோல்சான்று எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, எனவே செய்வதில்லை. குதிரைச் சேணத்தில் நிலைமை வேறு. நான்கு கொம்புகள் கொண்ட ரோமானியச் சேணத்தின் தோலுறைகள் கிடைத்திருக்கின்றன. ஆய்வாளர் பீட்டர் கொனோலி அவற்றை வைத்து உள்ளே மரச்சட்டம் உடைய சேணத்தை உருவாக்கினார். மரச்சட்டமே இல்லை, திணித்த மெத்தைதான் என்போரும் உள்ளனர். இரு தரப்பும் ஒரே துளைகளைத்தான் பார்க்கின்றன. இத்தகைய பொருளைச் செய்து கொடுத்தால், எந்தப் பகுதி கண்டெடுப்பின்படி அமைந்தது, எந்தப் பகுதி ஊகம் என்று ஒரு தாளில் எழுதி இணைக்கிறேன். அந்தத் தாளும் பொருளின் ஓர் உறுப்பே.

நிறத்திலும் இதே கவனம் வேண்டும். பேழைகளில் இருக்கும் தோல் கருத்திருப்பதால், ரோமானியர் எல்லாவற்றையும் கறுப்பாக அணிந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணின் ஈரமும் இரும்பும் தந்த கருமை அது. புதுத்தோல் வெளிறிய பழுப்பாக இருந்து, வெயிலிலும் எண்ணெயிலும் செம்மை ஏறும். பட்டைச்சாறும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கருமை பிறக்கும் என்பதை என் காலணிகளே காட்டுகின்றன. ஆணிகளைச் சுற்றி ஒரே மழையில் கறுப்பு வளையங்கள் விழுந்துவிடும். அளவிலும் ஏமாறக்கூடாது. மண்ணிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய தோல் சுருங்கியிருக்கும் என்பதால், பேழையில் உள்ளதை அப்படியே அளந்து தைத்தால் கால் நுழையாது.

2017இல் விண்டோலாண்டாவில் கிடைத்த குத்துச்சண்டைக் கையுறைகளின் நகலையும் முயன்றேன். கி.பி. 120ஐ ஒட்டிய காலத்தவை. விரல்முட்டிகளின்மேல் வளையம்போல அணிவதற்கானவை. மூலத்தில் அணிந்தவரின் விரல்முட்டிகள் பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. என் நகல் வடிவில் ஒத்திருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தை நான் செதுக்கவில்லை. அது தானாக விழவேண்டியது.

அதே கோட்டையின் ஒரு நாள் வேலைப்பட்டியலில், ஏப்ரல் 25, பட்டறைகளில் 343 பேர் என்று தொடங்கி, அவர்களுள் முதலாவதாகக் காலணி தைப்போர் 12 பேர் என்று எழுதியிருக்கிறது. குளியல்மனை கட்டுவோர் 18 பேர் அதற்கு அடுத்தே வருகிறார்கள். தோலைத் தொட்டவன் என்பதற்காக மனிதரைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய ஊரிலிருந்து வந்தவன் நான். அந்த வரியைப் படிக்கும்போது தந்தையின் நினைவு வருவதைத் தடுக்க முடிவதில்லை. ரோமிலும் கைத்தொழிலாளரை மேட்டுக்குடியினர் மதித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயரை அழுத்தமாகப் பதித்துவிட்டுப் போனவரும் உண்டு. கோட்டைத் தலைவர் செரியாலிஸின் இல்லத்தில், அவர் மனைவி லெப்பிடினாவுடையதாக இருக்கலாம் என்று கருதப்படும் நேர்த்தியான செருப்பு ஒன்று கிடைத்தது. அதில் லூசியஸ் எபூட்டியஸ் தாலெஸ் என்று செய்தவரின் முத்திரை இருக்கிறது. நான் என் பொருள்களில் பெயர் பதிப்பதில்லை, அவை வருங்காலத்தில் எவரையும் மயக்கக்கூடாது என்பதற்காக உட்புறத்தில் ஆண்டை மட்டும் பதிக்கிறேன்.

சென்ற மாதம் வந்த காலணிக்குத் திரும்புகிறேன். அடித்தோல் குதிகாலில் பாதியாகத் தேய்ந்திருந்தது. மேல்பகுதியில் ஒரு வார் மட்டும் அறுந்திருந்தது. ரோமானியர் இத்தகைய காலணியைப் பழுதுபார்த்தார்களா, எறிந்தார்களா என்பதற்கு இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. நான் அறுந்த வாரின் அடியில் ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்தேன். பழைய ஆணிகளின் வளைந்த முனைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடுங்கி, அடித்தோலைக் கழற்றி, புதிய தோலை வெட்டிப் பொருத்தினேன். குதிகாலின் வெளிவிளிம்பில் இம்முறை ஆணிகளை நெருக்கி அறைந்தேன். அணிபவர் அந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்பதைப் பழைய அடி சொல்லிவிட்டது. மொத்தம் 91 ஆணிகள்.

கழற்றிய பழைய அடித்தோலை எறியவில்லை. என் பெருவிரல் அளவுக்கு ஒரு குழி அதன் முன்பகுதியில் விழுந்திருக்கிறது. தேதியெழுதி, விண்டோலாண்டா வரைபடங்களை வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்தேன். அதன் விளிம்பில், உள்தோலோடு பிணைக்க நான் போட்டிருந்த சில தையல்களின் ஆளிநூல் இன்னும் துளைகளுக்குள்ளேயே இருக்கிறது.